பெங்களூர் சாம்பார் இனிக்கிறது என்று சொல்லும் முன்: நின்று சாப்பிடும் தர்ஷினிகளும் பழைய டிபன் கடைகளும்

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்காகப் பெங்களூர் வந்து இறங்குகிறவர் முதல் வாரத்திலேயே ஒன்று சொல்வார்: "என்னங்க இது, சாம்பார்ல வெல்லத்தக் கொட்டி வச்சிருக்காங்க?" ஊரின் பழைய பகுதியான பசவனகுடிக்காரர் காதில் அது விழுந்தால் முகம் சுண்டிப்போகும். "பிடிக்கலேன்னா உங்க ஊர்லயே சாப்பிடலாமே" என்று பதில் வரும். டெல்லியிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வந்தவர்களின் குறை வேறு: காரம் இல்லை, உட்கார நாற்காலி இல்லை, கல்லாவில் இந்தி பேசினால் முறைக்கிறார்கள். ஊர்க்காரர்களோ கடையில் நடக்கும் எல்லாவற்றையும் பாரம்பரியம் என்று காக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று பண்டம் பண்டமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாம்பாரில் தொடங்கலாம். கன்னட வீடுகளில் இதன் பெயர் ஹுளி. தமிழில் ப என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹ ஆகும். பால் ஹாலு ஆனதுபோலப் புளி ஹுளி ஆனது. வ பல இடங்களில் ப ஆகும். வெல்லம் அங்கே பெல்லா, வெண்ணெய் பெண்ணெ. ஆக, குழம்பின் பெயரிலேயே புளிதான் நிற்கிறது. வெல்லம் அந்தப் புளியைச் சமன்படுத்த வந்த துணை. பழைய மைசூர்ப் பக்கத்தில் வறுத்து அரைக்கும் பொடியில் பட்டையும் கிராம்பும் சேர்வதால், நம் நாக்குக்கு அந்த இனிப்பு இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. மிளகாய் பெரும்பாலும் பியாடகி. ஹாவேரி மாவட்டத்துச் சுருங்கல் மிளகாய் அது. அடர்சிவப்பு நிறம், குறைந்த காரம். நிறத்தைப் பார்த்துக் காரத்தை எதிர்பார்க்கிறவர் வாயில் வைத்ததும் ஏமாந்து, அந்த ஏமாற்றத்தை வெல்லத்தின் தலையில் போடுகிறார்.

நாலு பேருக்கு நல்ல ஹுளி வேண்டுமானால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: துவரம்பருப்பு 150 கிராம், சின்ன எலுமிச்சை அளவு புளி, பியாடகி எட்டு, தனியா இரண்டு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒன்று, வெந்தயம் கால் தேக்கரண்டி, அரை விரல் பட்டை, கிராம்பு இரண்டு, தேங்காய்த்துருவல் நாலு மேசைக்கரண்டி. வெல்லம் நெல்லிக்காய் அளவுக்கு மேல் போகக்கூடாது. புளித்தண்ணீர் ஏழெட்டு நிமிஷம் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகே வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் புளியின் பச்சை வாடை இனிப்புக்குள் ஒளிந்துகொண்டு, குழம்பு பாகு மாதிரி நாக்கில் ஒட்டும்.

கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. கரண்டி நுனியில் சாம்பாரைத் தனியாகச் சுவையுங்கள். முதலில் புளி, பிறகு பொடியின் மணம், கடைசியில் இனிப்பு என்று வந்தால் அது சரியான பெங்களூர் சாம்பார். பழகிக்கொள்ள வேண்டியது நாம்தான். எடுத்ததும் சர்க்கரை இனிப்பு, அடியில் பருப்பே இல்லை என்றால், காலைச் சாம்பாரை மாலையில் வெந்நீர் விட்டு நீட்டி இனிப்பால் மூடியிருக்கிறார்கள். அங்கே உங்கள் குறை நூற்றுக்கு நூறு சரி. அதைப் பாரம்பரியம் என்று காக்கிற ஊர்க்காரர் தன் ஊர்ச் சமையலுக்குத்தான் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்.

இட்லியிலும் இப்படித்தான். "நறநறன்னு இருக்கு, அரைக்கவே தெரியல" என்பது வழக்கமான புகார். நம் பக்கம் புழுங்கலரிசியை நாலுக்கு ஒன்று உளுந்தோடு மாவாக ஆட்டுகிறோம். கர்நாடகத்தில் பெரும்பாலும் உளுந்தை மட்டும் பொங்க அரைத்து, ஊறவைத்துப் பிழிந்த இட்லி ரவையை அதில் கலக்கிறார்கள். ரவை என்றால் அரிசியை உடைத்த குருணை. அதனால் இட்லி மல்லிகைப்பூ மாதிரி இருக்காது. வாயில் மணல்மணலாக உதிர வேண்டும், உதிர்ந்த இடத்தில் சட்னி இறங்க வேண்டும். நறநறப்பு குறை ஆகாது. குறை எங்கே வரும் என்றால், ரவையைச் சரியாகப் பிழியாமல் கலந்து நடு இட்லி பசையாவதிலும், புளிக்க நேரமில்லாமல் சோடாவை அள்ளிப்போட்டு உப்ப வைப்பதிலும். சோடா அதிகமானால் இட்லி லேசாக மஞ்சள் பாரிக்கும், சோப்பு வாசனை அடிக்கும்.

இந்த இடத்தில் ஊர்ப்பெருமைக்காரர்களுக்கும் ஒரு விஷயம். எதை நம் ஊர் ருசி என்று காக்கிறோமோ அதைக் கொண்டுவந்ததே வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான். 1924இல் எம்.டி.ஆர். கடையைத் தொடங்கிய மையா சகோதரர்கள் உடுப்பிப் பக்கத்துப் பரம்பள்ளிக்காரர்கள். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்று தட்டுப்பாடு வந்தபோது, அந்தக் கடையில் கோதுமை ரவையைத் தயிரில் கலந்து அவித்த பண்டம்தான் ரவா இட்லி. பெண்ணெ தோசை தாவணகெரெயிலிருந்து வந்தது. தட்டுப்போல் அகலமான தட்டெ இட்லிக்குப் பெயர்போனது மைசூர்ச் சாலையில் உள்ள பிடதி. வந்தவர்கள் குறை கண்டார்கள், இருந்ததை வைத்து மாற்றினார்கள், ஊர் ஏற்றுக்கொண்டது. இன்று கடைக்குள் எட்டிப்பார்த்தால் அடுப்படியிலும் மேசை துடைப்பதிலும் ஒடிசா, அஸ்ஸாம், நேபாளப் பிள்ளைகள் நிற்கிறார்கள். நீங்கள் திட்டும் சாம்பாரை ஊற்றுகிறவரும் உங்களைப்போல ஊருக்குப் புதியவராக இருக்கலாம்.

தோசை விஷயத்தில் நான் முழுக்கப் பெங்களூர் கட்சி. மாவில் அவலும் வெந்தயமும் கொஞ்சம் பருப்பும் சேர்த்து அரைத்து, கனமான கல்லில் நடுவில் தடிமனாகவும் ஓரம் மெலிதாகவும் இழுத்து, திருப்பிப் போடாமல் ஒரே பக்கம் சிவக்கவிடுகிறார்கள். உள்பக்கம் சிவப்புச் சட்னி தடவி, மஞ்சள் நிற உருளைக்கிழங்குப் பல்யா, அதாவது மசால், வைத்து மடிக்கிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. காகிதம் மாதிரி நீண்ட சென்னை ரோஸ்ட்டை எதிர்பார்த்து வந்தவர் இதைத் 'தடியா இருக்கு' என்பார். தடியாக இல்லாவிட்டால் அந்தப் பஞ்சு வராது.

ஆனால் இந்தத் தோசையின் ஆயுள் நாலைந்து நிமிஷம்தான். பார்சலில் கட்டினால் தன் ஆவியிலேயே நனைந்து தொய்ந்துவிடும். உருகிய வெண்ணெய் ஆறிப் பிசுபிசுக்கும். ஸ்விகியில் வரவழைத்து முக்கால் மணி நேரம் கழித்துத் தின்றுவிட்டு ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்கள் தோசையை மதிப்பிடவில்லை. பார்சலே வழி என்றால் ரவா இட்லி, காராபாத் (காரமான ரவை உப்புமா), வாங்கிபாத் (கத்தரிக்காய்ச் சாதம்) வாங்குங்கள். பிசிபேளெபாத்தும் தாங்கும், கொஞ்சம் இறுகும். இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் சரியாகிவிடும். வடையைச் சாம்பாரில் முக்கிக் கட்டச் சொல்லாதீர்கள்.

"சாம்பாரே தரமாட்டேங்கறாங்க" என்ற புகார் சங்கரபுரத்துப் பிராமின்ஸ் காபி பார் போன்ற இடங்களில் எழும். 1965இலிருந்து நடக்கும் அந்தச் சின்னக் கடையில் இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, டீ என்று விரல்விட்டு எண்ணும் பண்டங்கள்தான். இட்லிக்குச் சட்னி மட்டும். சட்னியைத் தண்ணீராக, தட்டு நிறைய ஊற்றுவார்கள். தீர்ந்தால் திரும்பப் போய்க் கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். ரவை இட்லி அந்தச் சட்னியை உறிஞ்சத்தான் அப்படி இருக்கிறது. கெட்டிச்சட்னியும் மூன்று வகைக் குழம்பும் பழகிய நாக்குக்கு முதல் தட்டு ஏமாற்றம்தான். இரண்டாவது தட்டில் பிடிபடும்.

இனி நின்றுகொண்டு சாப்பிடுவது. தர்ஷினி என்ற முறை 1983இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினியோடு தொடங்கியது; ஆர். பிரபாகர் தொடங்கி வைத்தார். சின்ன இடம், திறந்த அடுப்படி, கல்லாவில் காசு கட்டிச் சீட்டு, நின்று சாப்பிட உயர மேசை. நாற்காலி இல்லாததால் ஒருவர் பத்து நிமிஷத்தில் இடத்தை விட்டுவிடுவார். அதனால்தான் நடுத்தர வாடகையுள்ள தெருவிலும் விலையைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது. நாற்காலி கேட்கிறவர் கூடுதல் விலையையும் சேர்த்தே கேட்கிறார்.

நடைமுறை தெரியாமல் கவுன்டரில் முட்டிக்கொள்வதே பாதிச் சண்டைக்குக் காரணம். முதலில் பலகையைப் படித்து முடிவு செய்துகொண்டு கல்லாவுக்குப் போங்கள். வரிசை உங்கள் பின்னால் நிற்கும்போது "என்ன நல்லாருக்கும்" என்று கேட்கக்கூடாது. சீட்டை வாங்கி உரிய கவுன்டரில் வையுங்கள்: பல கடைகளில் தோசைக்கு ஒன்று, இட்லி வடைக்கு ஒன்று, காபிக்கு ஒன்று. காபிச் சீட்டைக் கடைசிவரை கையிலேயே வைத்திருங்கள், முன்னால் கொடுத்தால் டிபன் முடிவதற்குள் ஆறிவிடும். இட்லி வடையை 'டிப்' என்றால் சாம்பாரில் மூழ்கடித்துத் தருவார்கள். வேண்டாமென்றால் முன்கூட்டியே "சாம்பார் பேரெ கொடி" என்று சொல்லிவிடுங்கள். பேரெ என்பது நம் வேறுதான். கூடுதல் சட்னிக்கு "சட்னி இன்னு ஸ்வல்ப". போதுமென்றால் "சாகு". சௌசௌபாத் என்று எழுதியிருப்பதைக் காய் என்று நினைக்க வேண்டாம். காராபாத் ஒரு கரண்டி, கேசரிபாத் ஒரு கரண்டி, ஒரே தட்டில். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு நகருங்கள்.

மொழிச் சண்டை இங்கேதான் வெடிக்கிறது. எடுத்த எடுப்பில் இந்தியிலோ அதட்டலான ஆங்கிலத்திலோ தொடங்கினால் கல்லாக்காரர் விறைப்பாவார். "அண்ணா, ஒந்து மசாலெ தோசெ, எரடு காபி" என்று தடுமாறிச் சொன்னாலும் போதும், பதில் பல நேரம் தமிழிலேயே வரும். அண்ணா இரண்டு மொழிக்கும் பொது. தமிழர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 1809இல் ஆங்கிலேயரின் ராணுவக் கன்டோன்மென்ட் வந்ததிலிருந்து அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கன்னடம் பேசித்தான் வாழ்கிறார்கள். அல்சூரில் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 18 ஆண்டுகளுக்குப் பிறகு 2009இல் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. நேற்று வந்தவர் கவுன்டரில் காட்டும் அலட்சியத்துக்கு, அங்கேயே பிறந்த தமிழர்தான் பேச்சு வாங்குகிறார்.

ஊர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய குறைகளும் உண்டு. முதியவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று சாப்பிட முடியாது. சுவரோரம் நாலு முக்காலி போட்டால் வியாபாரம் கெடாது. தட்டுத் தொட்டியருகே தரை எப்போதும் ஈரம், வழுக்கும். கரண்டி போட்டு வைக்கும் வெந்நீர் மதியத்துக்குள் வெறும் கலங்கல் தண்ணீராகிவிடும். எடுக்கும்போது கை சுடவில்லை என்றால் அந்தக் கரண்டி வேண்டாம். மாலை வடையில் காலை எண்ணெயின் வாடை வந்தால் அதைச் சொல்லத்தான் வேண்டும். இப்போது பெயர் எடுக்கிற புதுக்கடைகள் சில, மாவின் புளிப்பு சரியில்லாததை நெய்யை ஊற்றி மறைக்கின்றன. அங்கே ஒரு மணி நேரம் வரிசையில் நின்றதைப் பெருமையாகச் சொல்வது எனக்குப் புரியவில்லை.

காபிக்கு வருவோம். கண்ணாடிக் கிளாஸ் சின்னது, சர்க்கரை முன்பே கலந்தது, சிக்கரி உண்டு. "சக்கரே கம்மி" என்று சீட்டு கொடுக்கும்போதே சொன்னால்தான் பலிக்கும். கடை திறந்த முதல் இரண்டு மணி நேரத்துக் காபி நன்றாக இருக்கும். டிகாக்‌ஷன் சூட்டிலேயே கிடந்து பதினொரு மணிக்குக் கசப்பு ஏறிவிடும். இரண்டு பேர் ஒரு காபியைப் பகிர 'பை டூ' கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது? சாம்பார் இனிப்பை நினைத்தாலே ஒவ்வாதவர்கள் பிராமின்ஸ் காபி பாரில் தொடங்கலாம், அங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. தோசைக்கு மல்லேஸ்வரம் மார்கோசா சாலையில் சி.டி.ஆர்., அல்லது 1943இலிருந்து நடக்கும் காந்தி பஜார் வித்யார்த்தி பவன். ரவா இட்லிக்கு லால்பாக் சாலை எம்.டி.ஆர்.; கூட வரும் சாகு என்ற காய்க்குருமாவையும் நெய்யையும் ஒதுக்காமல் சேர்த்துச் சாப்பிடுங்கள், புளிக்காத மாவுக்கு அந்த இரண்டும்தான் துணை. எல்லாவற்றுக்கும் வார நாளில் காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். ஞாயிறு ஒன்பது மணி என்றால் பொறுமை சோதிக்கப்படும். வித்யார்த்தி பவனுக்கு வெள்ளி விடுமுறை, எம்.டி.ஆருக்குத் திங்கள்.