சாதா பிளக்கா, இரிடியமா? முதல் முறை கை வைப்பவர்களுக்கு

சுங்கை சிப்புட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் பழைய மைவி காருக்கு, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் கேட்டால், "சாதாவா, இரிடியமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பக்கத்தில் நிற்பவர், "இரிடியமே போட்டுடுங்க அண்ணே, ஒரே செலவு" என்பார். முதல் முறையாகத் தானே மாற்றப் போகிறவருக்கு நான் சாதாவைத்தான் சொல்வேன்.

இரிடியத்தின் பெருமையில் பொய் இல்லை. சாதா பிளக்கின் முனையில் இருக்கும் நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும், இரிடியம் 2,446 வரை தாங்கும். அதனால் சாதாவில் 2.5 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும் நடு முனையை 0.6, 0.4 என்று ஊசி போல மெல்லிசாக்க முடிகிறது. மெல்லிய முனையில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும். நீண்ட ஆயுள் வகை 1,00,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். சாதாவை 20,000-க்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

எனக்குப் பிடித்ததே அந்த 20,000தான். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டியை அவ்வப்போது திறந்து பார்த்தே ஆக வேண்டும். கழற்றிய பிளக்கின் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் இஞ்சின் நலம். கறுப்பாக, காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால் வால்வு கவர் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். இரிடியத்தைப் போட்டு மறந்துவிட்டால் இதெல்லாம் எப்போது கண்ணில் படும்?

இன்னொன்று, பழகாத கை. பிளக் கீழே விழுந்து இடைவெளி நசுங்கினால், சாதாவில் கேஜ் வைத்து அளந்து, வெளி முனையை மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். என்ஜிகே கம்பெனி பிளக் எண்ணின் கடைசியில் 11 என்றிருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். இரிடியத்தின் ஊசிமுனை அப்படி நோண்டுவதைத் தாங்காது.

கம்பெனியிலிருந்தே இரிடியத்தோடு வந்த வண்டி என்றால் பேச்சே இல்லை, அதையேதான் போட வேண்டும். தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்கும் இரிடியம் கட்டுபடியாகும்.

போர்மேனிடமே, அதாவது மெக்கானிக்கிடமே, விட்டுவிடலாமா? நாலு பிளக்குக்கு மிச்சமாகும் கூலி பெரிதில்லை, வண்டியைத் தெரிந்துகொள்வதுதான் லாபம். ஆனால் பழைய பிளக் இறுகிப்போய் அசையாவிட்டால் மல்லுக்கட்டாமல் அவரிடம் கொண்டுபோங்கள். உள்ளே உடைந்தால் இஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

இனி மாற்றும் முறை. இஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றி, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை உருவியதும், சைக்கிள் பம்பால் குழிக்குள் நன்றாகக் காற்றடியுங்கள். அங்கே கிடக்கும் செம்மண் புழுதி, பிளக்கைக் கழற்றினால் நேராக சிலிண்டருக்குள் விழும். அப்புறம் மோட்டார் கடையில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸ் வாங்கி, புது பிளக்கின் தலையில் மாட்டி, விரலாலேயே சுற்றி இறக்குங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கையால் இறுகிய பிறகு சாக்கெட்டில் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் நிறுத்திவிடுங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம், தடவினால் தெரியாமலே அளவுக்கு மீறி இறுக்கிவிடுவோம்.