வால்டன் ஃபோர்டின் ‘பஞ்ச தந்திரா’: ஒரு விலங்கியல் ஆசிரியையின் பார்வை

இருபத்தெட்டு வருடம் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டு திருத்தியிருக்கிறேன். தவளை என்றால் மல்லாக்க, புறா என்றால் பக்கவாட்டில். நிழல் போடக்கூடாது, பாகம் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. அப்படியே பழகிய கண்ணை அமெரிக்க ஓவியர் வால்டன் ஃபோர்டின் இந்தத் தொகுப்பு உலுக்கிவிட்டது. டாஷன் வெளியீடு, மகள் வாங்கி அனுப்பினாள். கூரியரில் அட்டையின் மூலை நசுங்கி வந்தது. நல்லவேளை, உள்ளே ஒரு தாளுக்கும் சேதமில்லை.

சட்டென்று பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பறவை ஓவியர் ஆடுபானின் ‘அமெரிக்கப் பறவைகள்’ என்றே தோன்றும். 1827 முதல் 1838 வரை 435 படங்களாக வந்த அந்த நூலின் அதே பாணி: நீர்வண்ணம், பழுப்பேறிய காகிதம், ஓரத்தில் பழங்காலக் கையெழுத்தில் குறிப்பு. தாளில் தெரியும் கறைகள்கூட ஃபோர்டு வேண்டுமென்றே உண்டாக்கியவைதான். தெரிந்தும் விரலால் தடவிப் பார்த்தேன்.

ஆடுபான் பறவையைச் சுட்டு, கம்பியில் கோத்து நிறுத்தி வரைந்தவர். ஃபோர்டு அந்தக் கம்பியைக் கழற்றிவிடுகிறார். ‘விழும் கிளை’ (2002) ஓவியத்தில் ஒரு பெரிய கிளை முழுக்கப் பயணிப் புறாக்கள் (இப்போது அடியோடு அழிந்துபோன வட அமெரிக்கப் புறா இனம்) மொய்க்கின்றன. கிளை முறிந்து விழுந்துகொண்டிருக்கிறது. அப்போதும் அவை ஒன்றோடொன்று சண்டை போடுவதை விடவில்லை. 1813-இல் கென்டக்கியில் இவற்றின் கூட்டம் மூன்று நாள் ஓயாமல் பறந்தது, நண்பகல் வெளிச்சம் கிரகணம் பிடித்ததுபோல மங்கியது என்று ஆடுபானே எழுதியிருக்கிறார். இந்த இனத்தின் கடைசிப் புறா மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்துப்போனது. இந்தத் தேதியை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்தக் கிளையைப் பார்த்த அன்றுதான் தொண்டை அடைத்தது.

மூல ஓவியம் சுமார் 5 அடிக்கு 10 அடி. இன்னொன்றில் யானையை நிஜ அளவிலேயே, 22 துண்டுகளாக வரைந்திருக்கிறார். எவ்வளவு பெரிய புத்தகமானாலும் அந்தப் பிரம்மாண்டம் தாளுக்குள் அடங்காது. அது ஒன்றுதான் எனக்கு ஏக்கம்.

ஆடுபானின் குறிப்புகள், பெஞ்சமின் பிராங்க்ளின் கடிதம், நம் பஞ்சதந்திரக் கதை என்று ஓவியங்களுக்கு வித்திட்ட எழுத்துகளையும் சேர்த்திருக்கிறார்கள். அவற்றைப் படித்துவிட்டு மறுபடி படத்துக்கு வாருங்கள், வேறாகத் தெரியும். சில படங்களில் ரத்தம் உண்டு; சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கும் என் பழைய மாணவி இரவல் கேட்டிருக்கிறாள். பத்து நாள் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.