டாட் 3, டாட் 4, டாட் 5.1: மலை இறங்கும் காருக்கு எந்த பிரேக் ஆயில்?

எங்கள் காரில் பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இரண்டையுமே போட்டிருக்கிறார்கள். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகையைக் குறிப்பது. உதிரிபாகக் கடையில் இரண்டும் கிடைக்கும். கொஞ்சம் பெரிய கடை என்றால் டாட் 5.1-ம் இருக்கும். இந்தமுறை மாற்றும்போது டாட் 4 ஊற்றினேன். நம் ஊர் வெயிலுக்கும் மலைப்பாதைக்கும் அதுதான் சரி என்பது என் முடிவு.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிகான், ஊதா நிறத்தில் இருக்கும். டாட் 5.1-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட வகை, ஒன்றோடொன்று கலக்கும். சிலிகான் இவற்றோடு கலக்காது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சாதாரண காரில் அதை ஊற்றவே கூடாது.

மற்ற மூன்றுக்கும் இடையில் முக்கியமான வித்தியாசம் கொதிநிலை. புது ஆயிலுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு டாட் 3-க்கு 205 டிகிரி, டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. பலரும் இந்த எண்களைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது வரிசை, அதாவது 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு உள்ள கொதிநிலை. அது டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155, டாட் 5.1-க்கு 180.

இந்த வகை ஆயில் ஈரத்தை இழுக்கும். டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கார் ஓடினாலும் சும்மா நின்றாலும் இது நிற்காது. கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறையிலிருந்து ஆழியாறு வரும் 40 வளைவுகளிலோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் பேடின் சூடு, அதை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கு ஏறும். கொதித்தால் நீராவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதனால் மிதித்த அழுத்தம் பேடுக்குப் போகாமல் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே இறங்கிவிடும். வண்டி ஆறியதும் குமிழி மறைந்து பெடல் பழையபடி நிற்கும். பிறகு மெக்கானிக் ஓட்டிப் பார்த்தாலும் எந்தக் குறையும் தெரியாது. கியரைக் குறைத்து இறங்கினால் சூடு ஏறுவது வெகுவாகக் குறையும், அது வேறு விஷயம்.

மேலே சொன்ன எண்களை இன்னொரு தரம் பாருங்கள். இன்று ஊற்றிய டாட் 3 205 டிகிரி தாங்குகிறது. பல வருடம் மாற்றாமல் ஈரம் ஏறிய டாட் 5.1 180-க்கு வந்துவிடலாம். ஆகவே எந்த ரகம் என்பதைவிட எப்போது மாற்றினோம் என்பதே பெரிய கேள்வி. பல கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டு என்று சொல்கின்றன. உங்கள் காரின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். கிலோமீட்டர் அதிகம் ஓடாத காருக்கும் ஆண்டுக் கணக்கு பொருந்தும். இந்தக் கெடு நம் வீடுகளில் ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போவது சகஜம் என்பதால்தான் நான் டாட் 4 பக்கம் சாய்கிறேன். ஈரம் ஏறிய நிலையில் அது தரும் 15 டிகிரி கூடுதலை, கிட்டத்தட்ட அதே விலையில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்? மூடியில் டாட் 4 மட்டும் போட்டிருந்தால் டாட் 3-க்கு இறங்க வேண்டாம்.

டாட் 5.1-ஐ என் காரில் ஊற்றிப் பார்த்ததில்லை, அதனால் தர அளவுகளை வைத்துத்தான் பேசுகிறேன். கொதிநிலை தவிர, கடுங்குளிரிலும் கெட்டிப்படாமல் ஓடுவது அதன் இன்னொரு பலம். அந்த அளவு மைனஸ் 40 டிகிரியில் எடுக்கப்படுவது. நம் ஊருக்கு அது தேவைப்படாது. ஆனால் சில புதுக் கார்களுக்கு மெல்லிய டாட் 4 வகையையே கேட்கிறார்கள். அங்கே கையேடு சொல்வதுதான் முடிவு.

மாற்றும் முறையிலும் இரண்டு வழி உண்டு. சிரிஞ்சால் மேல் டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதிதை நிரப்புவது சுலபம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூடு ஏறுவது சக்கரத்தில். பழைய ஆயில் அங்கேயேதான் இருக்கும். நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியேற்றுவதற்கென இருக்கும் பிளீடர் நட்டைத் திறந்து, புது ஆயில் வரும்வரை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நட்டைத் திறந்து, பெடலை விடுவதற்கு முன்பே மூட வேண்டும். டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டால் சில கார்களில் ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) இல்லாமல் எடுக்க முடியாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும்.

சின்னக் காருக்கு ஒரு லிட்டர் போதும். சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். மீதியை அடுத்தமுறைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம், பாட்டிலுக்குள்ளும் ஈரம் ஏறும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அப்புறம், இடையில் டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பாமல் பேடையும் கசிவையும் பாருங்கள். பேட் தேயத் தேய அளவு தானாக இறங்கும், புது பேட் போட்டதும் மேலே வந்துவிடும்.