மகனின் கேம் பழக்கமும் ஃபேமிலி லிங்க்கும்
9-ஆம் வகுப்பு படிக்கும் என் மகன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கேமே கதி என்று கிடந்தான், தட்டில் சோறு காய்ந்துபோயிருக்கும், கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். திட்டிப் பார்த்து ஓய்ந்த பிறகுதான் பிள்ளைகளின் ஃபோனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டோம். இலவசம். ஒவ்வொரு கேமுக்கும் தனியாக நேரம் வைக்கலாம், இரவு 10 மணிக்கு ஃபோன் தானாகப் பூட்டிக்கொள்ளும், வேண்டிய நாளில் கூடுதல் நேரமும் கொடுக்கலாம். ரொம்ப உதவியது. ஆனால் முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான், எனக்கு மனசே கேட்கவில்லை. சரி, எவ்வளவு நேரம் என்று நீயே சொல் என்றேன். மாலையில் அவன் அப்பா ஷட்டில் ஆடக் கூட்டிப்போக ஆரம்பித்தார். 4 மாதமாகிறது, இப்போது ஒரு மணி நேரம் கேம் ஆடிவிட்டு அவனே ஃபோனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறான்.