ஹம் போக்கும் பெட்டி: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

கிட்டார் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) கேட்கும் ‘ஹம்’ என்ற உறுமலைப் போக்க ஹம் எலிமினேட்டர் என்று விற்கிறார்களே, அந்தச் சின்ன உலோகப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பல பெயர்களில் வருகிறது, உள்ளே சங்கதி ஒன்றுதான்: 1:1 டிரான்ஸ்ஃபார்மர் (வரும் வோல்டேஜைக் கூட்டாமல் குறைக்காமல் மறுபக்கம் தருவது), உள்ளே போக ஒரு ஜாக், வெளியே வர ஒரு ஜாக். பேட்டரி, அடாப்டர் எதுவும் வேண்டாம். என்னிடம் இருப்பது இரண்டு சானல் பெட்டி. கிட்டார் எடுக்கும் போதெல்லாம் அது வேலை செய்துகொண்டிருக்கிறது, எனக்கு அதில் முழுத் திருப்தி. ஆனாலும் "என் ஆம்ப் இரைகிறது, இதை வாங்கலாமா?" என்று கேட்கும் பெரும்பாலானவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அது எங்கே ஜெயிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டீரியோ கோரஸ் பெடலிலிருந்து (ஒலியைத் தடிமனாக்கி இரண்டு வழியாக அனுப்பும் காலடிப் பெட்டி) இரண்டு ஆம்ப்களுக்குப் போகிறவன். இரண்டில் எதைத் தனியாகப் போட்டாலும் அமைதி. சேர்த்துப் போட்டால் உர்ர்ர் என்று அடித்தொண்டையில் ஓர் உறுமல். இரண்டு ஆம்ப்களும் பிளக் வழியாக எர்த்தில் இணைந்திருக்கின்றன, கேபிள்களின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாகப் பெடலிலும் இணைந்திருக்கின்றன. ஆக ஒரு முழு வளையம். சுற்றியுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலம் அந்த வளையத்தில் சிறு மின்னோட்டத்தை ஓட்டுகிறது. அது ஷீல்டில் ஓடும்போது அங்கே உண்டாகும் சொற்ப வோல்டேஜ், சிக்னலோடு ஒட்டிக்கொண்டு ஆம்புக்குள் போகிறது. கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வளையம் என்பது இவ்வளவுதான்.

ஓர் ஆம்புக்குப் போகும் கேபிளின் நடுவே பெட்டியைச் செருகினேன், உறுமல் அந்த இடத்திலேயே நின்றது. சிக்னல் காந்தமாக அந்தப் பக்கம் தாண்டுகிறது, ஷீல்டின் செம்புத் தொடர்பு மட்டும் அறுகிறது. பிளக்கில் உள்ள எர்த்தை யாரும் தொடவில்லை.

எனக்கு இந்தப் பெட்டி பிடித்ததற்கு முக்கியக் காரணமே அந்தக் கடைசி விஷயம்தான். ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள், மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹம் போகும், அது உண்மை. ஆனால் ஆம்புக்குள் லைன் கம்பி ஒன்று கழன்று சேஸிஸில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்) பட்டால், மின்சாரம் கேபிள் ஷீல்டு வழியாகக் கிட்டார் கம்பிக்கு வந்துவிடும். இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதே இல்லை. எர்த் வெட்டிய ஆம்ப், கேபிள் ஷீல்டு வழியாகப் பக்கத்து ஆம்பின் எர்த்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். நடுவே இந்தப் பெட்டியைப் போட்டால் அந்த ஒரே பிடியும் போகும். எனவே எர்த் இல்லாத ஆம்ப் என்றால், முதலில் அதைச் சரி செய்யுங்கள். பெட்டி அப்புறம்.

சரி, யாருக்கு வேண்டாம்? உங்களிடம் ஒரே ஆம்ப், ஒரே கிட்டார், நடுவே ஒரு கேபிள் என்றால் வளையமே இல்லை. அறுக்க எதுவும் இல்லாத இடத்தில் பெட்டி என்ன செய்யும்?

கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் ஜாக் காலியாக இருக்கும்போது இன்புட் தானாகவே கிரவுண்டோடு சேர்ந்துவிடும். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்புக்குள். வால்யூமைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கியும் குறையவில்லை என்றால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். பழைய ஆம்ப்களில் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோவது சகஜம். இதற்கு ஒரு காது வித்தை உண்டு. கெப்பாசிட்டர் போனால் வரும் இரைச்சல் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 100. கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே சுருதி. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120 வரும், அது ஐந்தாவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டுக்குச் சற்றுக் கீழே. அந்தச் சுருதிக்கு ஓர் ஆக்டேவ் கீழே கேட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். கெப்பாசிட்டர் என்று தெரிந்ததும் நீங்களே ஆம்பைத் திறக்காதீர்கள். வால்வு ஆம்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் அதில் தங்கியிருக்கலாம். பழகிய மெக்கானிக் பார்க்கட்டும்.

கேபிளைப் பிடுங்கியதும் அமைதி என்றால் கிட்டாரோ கேபிளோ பெடலோதான். கிட்டாரைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் இரைச்சல் ஏறி இன்னொரு திசையில் அடங்கினால், சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை ஒரே காயிலால் சிக்னலாக்கும் பகுதி) காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. இதற்கு மருந்து ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப். கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பழைய யோசனை அது: எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களில் ஒன்றின் ஹம்மை இன்னொன்று கழிக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அது இயல்பு, உங்கள் உடம்புதான் ஆன்டெனா. தொட்டதும் கூடினால் கிட்டாருக்குள் கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கலாம், சால்டரிங் பார்க்க வேண்டும்.

உறுமலாக இல்லாமல் ஈ மொய்ப்பதுபோல ஸ்ஸ்ர்ர் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருவது விளக்கு டிம்மர். அது மின் அலையை நடுவில் வெட்டுவதால், விளக்கைப் பாதி வெளிச்சத்தில் வைக்கும்போதுதான் தொல்லை உச்சம். மட்டமான எல்இடி பல்புகளும் போன் சார்ஜர்களும் அதே ஜாதி. இவற்றைத் தேட என்னிடம் இருப்பதிலேயே நல்ல கருவி பேட்டரியில் ஓடும் பழைய ஏ.எம். ரேடியோ. நிலையம் இல்லாத இடத்தில் டியூன் செய்து, வால்யூமை ஏற்றி, வீடு முழுக்க நடந்து பாருங்கள். குற்றவாளியின் பக்கத்தில் போகப் போக அது கத்தும். அந்த ரேடியோவுக்குத் தனியாக ஒரு மதிப்புரை எழுதலாம், பெட்டியைவிட அதிகமாக உழைத்திருக்கிறது.

நாய்ஸ் கேட் பெடல் வாங்கச் சொல்லும் கூட்டமும் உண்டு. நீங்கள் வாசிக்காதபோது அது சத்தத்தை மூடும், வாசிக்கும்போது திறந்தால் ஹம்மும் கூடவே வரும். டிஸ்டார்ஷன் போட்டவர்களுக்குச் சௌகரியம்தான், ஆனால் காரணம் அப்படியே இருக்கும்.

பெட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். கிட்டாரை நேரே இதில் செருகினால் ஒலி மங்குகிறது. பிக்கப்புக்கு ஆம்பின் இன்புட் போல உயர்ந்த இம்பீடன்ஸ் (மின்தடை போன்றது) வேண்டும், இந்த டிரான்ஸ்ஃபார்மர் தருவது அதைவிட மிகக் குறைவு. பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சிறு சுற்று) உள்ள பெடலுக்குப் பின்னால் வைத்தால் தொல்லையில்லை. பேஸ் கிட்டார்க்காரர்கள் சத்தமாக வாசித்தால், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அடிச் சுரங்களில் திணறிக் கரகரக்கும். என் பெட்டியில் ஐந்து கம்பி பேஸின் பி கம்பியை ஓங்கித் தட்டியபோது நன்றாகவே கேட்டது. பெட்டியை ஆம்பின் மேல் வைப்பதும் ஆகாது. ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கீழே இருக்கும், அதன் காந்தப்புலத்தை இதுவே பிடித்துப் புதிதாக ஒரு ஹம் கொடுக்கும். நான் தரையில், பெடல் பலகைக்கு அருகே வைத்திருக்கிறேன்.

லேப்டாப்பில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கு ஒலியை உள்ளே, வெளியே கொண்டுபோகும் பெட்டி) வைத்து அதிலிருந்து ஆம்புக்கோ ஸ்பீக்கருக்கோ போகிறவர்களுக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். சோதனை சுலபம்: சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். கீச்சும் கிர்ரும் உடனே போனால், இன்டர்ஃபேஸின் அவுட்புட்டில் இந்தப் பெட்டியைப் போடலாம். வாங்கும்போது பக்கவாட்டில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை லிஃப்ட் பக்கம் தள்ளி வையுங்கள், தள்ளாவிட்டால் இரண்டு பக்க ஷீல்டும் ஒட்டியே இருக்கும், ஹம் நிற்காது.