ஸ்பெக்ட்ரலும் நாங்களும்: ஏபிஐ விதிகளைக் கருவியிடம் ஒப்படைத்த அனுபவம்

ஏபிஐ என்பது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்; அதன் விவரக் கோப்பு நாம் வைத்த விதிகளின்படி இருக்கிறதா என்று பார்ப்பது ஸ்பெக்ட்ரல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதோடு கூடவே வரும் விதிகளில் பலவற்றை அணைத்துவிட்டோம். நாங்களே எழுதிச் சேர்த்த ஒரு சில விதிகளுக்காகத்தான் அதை இன்னும் வைத்திருக்கிறோம்.

காட்பாடியில் இருக்கும் எங்கள் சிறிய நிறுவனம், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் மென்பொருள் எழுதித் தருகிறது. ஸ்பெக்ட்ரல் இலவசக் கருவி. உருவாக்கிய ஸ்டாப்லைட் நிறுவனத்தை 2023-ல் ஸ்மார்ட்பியர் வாங்கியது. ஏபிஐ எதைக் கேட்கும், எதைத் தரும் என்று எழுதிவைக்கும் ஓபன்ஏபிஐ கோப்பை ஸ்பெக்ட்ரல் படித்து, விதி மீறிய வரியை எண்ணோடு காட்டும். நிறுவுவதில் சிரமம் எதுவும் இல்லை.

முதல் முறை ஓட்டியபோது எச்சரிக்கைகள் கொட்டின. தொடர்பு முகவரி இல்லை, விளக்கம் இல்லை, டேக் (வகைப்பெயர்) இல்லை என்று ஒரே புலம்பல். எல்லாவற்றுக்கும் கத்தும் கருவியை யாரும் காதில் வாங்குவதில்லை. பெயர்கள் ஓரிடத்தில் கேமல் கேஸ் (orderId போல), வேறிடத்தில் ஸ்நேக் கேஸ் (order_id போல) என்று இருந்ததைச் சரிசெய்தோம். பார்க்க அழகானது, தரம் கூடியதாகத் தெரியவில்லை.

தரம் கூடியது ஆர்டர் விதியால்தான். தொழிற்சாலைக் கிடங்கில் நெட்வொர்க் அறுந்து அறுந்து வரும். பதில் வராவிட்டால் கைபேசிச் செயலி மறுபடி அனுப்பும்; ஒரே அட்டைப்பெட்டி ஆர்டர் இரண்டு முறை பதிவாகும். இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போகும் முறையான எச்டிடிபியின் தரப்படி, குறித்த இடத்தில் தரவை வைக்கும் புட் கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். புதிதாகப் பதிவு செய்யப் பயன்படும் போஸ்ட் கோரிக்கைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆகவே, ஆர்டர் போடும் ஒவ்வொரு போஸ்ட்டிலும் ஐடெம்பொடன்சி கீ தலைப்பு (கோரிக்கையோடு போகும் தனி அடையாள எண்) கட்டாயம் என்று விதி எழுதினோம். செயலி தரும் அந்த எண் திரும்ப வந்தால், சர்வர் புது ஆர்டர் போடாமல் பழைய பதிலையே தரும். இரட்டை ஆர்டர் புகார்கள் நின்றன. ஆனால் தலைப்பு கோப்பில் இருக்கிறதா என்பதை மட்டுமே ஸ்பெக்ட்ரல் பார்க்கும். சர்வர் அதை மதிக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதற்குத் தனியே சோதனை எழுதத்தான் வேண்டும். விதி, அந்தச் சோதனையை யாரும் மறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

பிழைப் பதில்களுக்கான விதியும் காசு பெறும். நாங்கள் இணைத்த ஒரு லாரி முன்பதிவுச் சேவை, தோல்வியைக்கூட வெற்றியைக் குறிக்கும் 200 என்ற குறியீட்டோடு அனுப்பி, உள்ளே ஒரு மூலையில் 'தவறு' என்று எழுதும். வண்டி வரும் என்று நம்பிச் சரக்கை வாசலில் இறக்கி வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பிழையைக் குறிக்கும் 400, 500 வரிசைப் பதில்கள் எல்லாம், பிழைப் பதிலின் வடிவை வரையறுக்கும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9457 சொல்லும் ஒரே வடிவில்தான் இருக்க வேண்டும். செயலி எழுதுபவருக்குப் பிழையைக் கையாள ஒரே துண்டு நிரல் போதும்.

எனக்குப் பிடித்தது மாவட்ட விதி. முகவரியில் மாவட்டத்தை மூடிய பட்டியலாக (இந்தப் பெயர்கள் மட்டுமே என்று) எழுதினால் ஸ்பெக்ட்ரல் கோப்பை ஏற்காது. வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. வேலூர் 2019-ல் மூன்றானது. ஆம்பூர் திருப்பத்தூருக்கும் ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. பட்டியலில் இல்லாத பெயர் பதிலில் வந்தால், பட்டியலில் உள்ளதை மட்டுமே ஏற்கும்படி எழுதிய பழைய செயலி அதை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் மாவட்டத்தை மூடிய பட்டியலில் அடைப்பவரை என்னவென்று சொல்வது!

பெரிய குறை ஒன்று உண்டு. ஸ்பெக்ட்ரல் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். நேற்றைய பதிப்போடு ஒப்பிடாது. கட்டாயமில்லாத புலத்தை (தரவு நிரப்பும் கட்டத்தை) கட்டாயமாக்கி எல்லோருடைய செயலியையும் உடைத்தாலும், விதிப்படி இருந்தால் பச்சைக்கொடி காட்டிவிடும். அதற்காக இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் ஓஏஎஸ்டிஃப் என்ற இன்னொரு இலவசக் கருவியை அண்மையில் சேர்த்திருக்கிறோம். அதைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.