டிவிடியா, ப்ளூ-ரேயா: அனிமே அலமாரியை மாற்றியமைத்தபோது தெரிந்துகொண்டவை

பல ஆண்டுகளாகச் சேர்த்த அனிமே, அதாவது ஜப்பானிய அசைபட, டிவிடிகளில் பெரும்பகுதியைக் கைமாற்றிவிட்டு, அதே தொடர்களை ப்ளூ-ரேயில் மீண்டும் வாங்கும் வேலையை அண்மையில்தான் ஏறத்தாழ முடித்தேன். எல்லாத் தொடர்களையும் ஒரே கணக்கில் மாற்றியிருக்கக் கூடாது என்பது பாதி வழி கடந்த பிறகே எனக்குப் புரிந்தது. சில தொடர்களில் ப்ளூ-ரே, இத்தனை நாள் மங்கிய கண்ணாடி வழியாகப் பார்த்ததைத் துடைத்துக் காட்டியது. வேறு சிலவற்றில் செலவு செய்ததற்கு ஈடாகச் சொல்லக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. எந்தத் தொடர் எந்த வகையில் விழும் என்பதை வாங்குவதற்கு முன்பே பெரும்பாலும் கணித்துவிடலாம். என் சாய்வு ப்ளூ-ரேயின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சாய்வுக்கு ஓர் எல்லை உண்டு.

எல்லோரும் அறிந்த வேறுபாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். டிவிடியின் படம் ஜப்பானிய, அமெரிக்க முறையில் 720க்கு 480 புள்ளிகள். ப்ளூ-ரேயின் படம் 1920க்கு 1080. இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி அடங்கும், இரட்டை அடுக்கு ப்ளூ-ரேயில் 50 ஜிபி அடங்கும். ஆகவே 26 எபிசோடுகள் கொண்ட ஒரு தொடர் ப்ளூ-ரேயில் குறைந்த வட்டுகளிலேயே முடிந்துவிடும். மூல ஜப்பானிய ஒலி, டப்பிங், சப்டைட்டில் மூன்றும் ஒரே வட்டில் இருப்பது டிவிடி தந்த வசதி. விஎச்எஸ் காலத்தில் டப்பிங் நாடாவை வாங்குவதா, சப்டைட்டில் நாடாவை வாங்குவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சிக்கலை டிவிடியே தீர்த்துவிட்டதால் இந்த விஷயத்தில் ப்ளூ-ரேக்குத் தனிப் பெருமை இல்லை.

வட்டின் மீது அச்சிட்ட பெயரைவிட, அந்தத் தொடர் தயாரிக்கப்பட்டபோது எதில் பதிவாகி வைக்கப்பட்டது என்பதே என் பார்வையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். 1990களின் இறுதி வரை அனிமே பெரும்பாலும் செல் எனப்படும் ஒளிபுகும் தாள்களில் கையால் வண்ணம் தீட்டப்பட்டு, பின்னணி ஓவியத்தின் மேல் வைக்கப்பட்டு, ஒவ்வொரு ஃபிரேமாகப் படச்சுருளில் எடுக்கப்பட்டது. தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. சுருள், திரையரங்குப் படங்களுக்கு 35 மி.மீ. சுருள். 16 மி.மீ. சுருளில்கூட டிவிடி காட்ட முடிந்ததைவிடக் கூடுதலான நுணுக்கம் பதிந்திருக்கும். டிவிடி ஜப்பானில் அறிமுகமான 1996இல் அந்த நுணுக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவர வழி இல்லை. சுருள் மட்டும் கிடங்கில் பத்திரமாக இருந்தால், பின்னாளில் அதை உயர்தரத்தில் ஸ்கேன் செய்து, அன்று ஓவியர் தீட்டிய வண்ணத்தையும் தூரிகைத் தடத்தையும் முதன்முறையாக வீட்டில் காண முடியும்.

நான் இதை உணர்ந்தது 1998இல் வெளிவந்த ‘கௌபாய் பீபாப்’ தொடரில். 26 எபிசோடுகளும் டிவிடியில் என்னிடம் இருந்தன, பலமுறை பார்த்தவை. ப்ளூ-ரே வந்து சேர்ந்த இரவு ஒரே எபிசோடை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். டிவிடியில் சாம்பல் நிறப் பரப்பாகத் தெரிந்த கப்பல் சுவர்களில் ப்ளூ-ரேயில் தீட்டல்களும் தேய்மானக் கறைகளும் தெரிந்தன. இருட்டு என்று நான் நினைத்திருந்த மூலைகளில் பின்னணி ஓவியர் வேலை செய்து வைத்திருந்தார். படச்சுருளுக்கே உரிய நுண்துகள் திரை முழுவதும் மெல்ல அசைந்தது. அதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கோ அந்தத் துகள் இருப்பதுதான் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறோம் என்பதற்கான உறுதி.

2000ஆம் ஆண்டையொட்டி நிலைமை மாறியது. ஸ்டுடியோக்கள் செல் தாளைக் கைவிட்டுக் கணினியில் வண்ணம் தீட்டத் தொடங்கின. ‘சசாயே-சான்’ போன்ற மிகச் சில விதிவிலக்குகளே எஞ்சின, அந்தத் தொடர் 2013 வரை செல்லை விடவில்லை. மாறிய ஆண்டுகளில், உயர்தெளிவு ஒளிபரப்பு பரவாத காலமாதலால், பல தொடர்களை அன்றைய தொலைக்காட்சித் திரைக்குப் போதுமான அளவிலேயே கணினியில் முடித்து வீடியோ நாடாவில் பதிந்தார்கள். திரும்பிப் போய் ஸ்கேன் செய்யப் படச்சுருளே அங்கே கிடையாது. 1995இல் வந்த ஒரு தொடரைவிட 2003இல் வந்த ஒரு தொடர் ப்ளூ-ரேயில் மங்கலாகத் தெரிவது முதலில் நம்பக் கடினமாக இருக்கும். காரணம் தெரிந்தபின் அது இயல்பான விளைவுதான். ஏறத்தாழ 2000 முதல் 2007 வரையிலான தொலைக்காட்சித் தொடர்களை வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அந்த ஆண்டுகளிலேயே உயர்தெளிவில் தயாரான தொடர்களும் உண்டு என்பதால், ஆண்டை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடவும் கூடாது.

இத்தகைய தொடர்களின் ப்ளூ-ரே, சிறிய படத்தைப் பெரிதாக்கிச் செய்யப்படுகிறது. பெரிதாக்கும்போது இல்லாத நுணுக்கம் உருவாகிவிடாது; விளிம்புகளைக் கூர்மையாக்கும் முயற்சி அளவு மீறினால் கருங்கோடுகளைச் சுற்றி வெண்ணிற வளையம் தோன்றும், கண் இமை போன்ற மெல்லிய கோடுகள் தடித்துப் போகும். அப்படி ஒரு தொகுப்பை ஆர்வத்தோடு வாங்கி, நான்கு எபிசோடுகள் பார்த்தபின் பழைய டிவிடிக்கே திரும்பினேன். நல்ல வேளையாக அந்த டிவிடியை அதுவரை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

ஆனாலும் அந்தக் காலத் தொடர்களிலும் டிவிடி ஓரிடத்தில் பின்தங்குகிறது. அனிமே நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் உருவாகிறது. அதிலும் ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்துவதே வழக்கம். டிவிடியோ, ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாறி மாறி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை காட்டிய பழைய தொலைக்காட்சிக்காக வடிவமைக்கப்பட்டது. இந்த இரு கணக்குகளையும் பொருத்துவதற்காகச் சில ஃபிரேம்கள் பிரிக்கப்பட்டு அடுத்தவற்றோடு கலக்கப்படும். கேமரா நிலப்பரப்பின் குறுக்கே மெதுவாக நகரும் காட்சிகளில் சீப்பின் பற்கள் போன்ற கோடுகளாகவோ மெல்லிய தடுமாற்றமாகவோ இது தெரியும். அமெரிக்கத் தொலைக்காட்சி முறையிலிருந்து ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைக்கு மாற்றப்பட்ட டிவிடிகளில் இரண்டு ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆவிபோல் தெரிவதையும் கண்டிருக்கிறேன். ப்ளூ-ரே நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கையே ஏற்பதால், மூலம் அனுமதிக்கும் இடங்களில் இந்தத் தொல்லை நீங்குகிறது. கோடுகளும் தட்டையான வண்ணங்களுமே உயிராக உள்ள கலைக்கு இது சிறிய விஷயம் இல்லை.

படத்தைப் பெரிதாக்காமல், டிவிடி அளவிலான காட்சியை அப்படியே ப்ளூ-ரே வட்டில் பதிந்து நீண்ட தொடரை ஓரிரு வட்டுகளில் அடக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் டிஸ்கோடெக் மீடியா இப்படிப் பல பழைய தொடர்களை வெளியிட்டிருக்கிறது. உயர்தெளிவு என்று பொய்யாகச் சொல்லாமல், கையில் இருக்கும் நாடாவின் தரத்தை நெருக்கி அழுத்தாமல் தரும் இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அலமாரியில் இடமும் மிஞ்சும்.

படச்சுருள் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். நுண்துகளை அகற்றுகிறோம் என்று மென்பொருளை அதிகமாக ஓடவிட்டால் கோடுகளும் கரைந்து, முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும். ‘டிராகன் பால் ஸீ’ தொடரை 2007 முதல் வட அமெரிக்காவில் சீசன் சீசனாக வெளியிட்டபோது 4:3 சட்டகத்தின் மேலும் கீழும் வெட்டி அகலத்திரைக்குப் பொருத்தினார்கள். ஓவியர் வரைந்த பரப்பில் ஒரு பகுதி அதனால் காணாமல் போனது. பழைய தொடரை வாங்கும்போது திரையின் இருபுறமும் கருப்புப் பட்டை இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். அந்தப் பட்டை இருந்தால் சட்டகத்தை யாரும் வெட்டவில்லை என்று நிம்மதி கொள்ளலாம்.

ஸ்ட்ரீமிங்கை இந்த ஒப்பீட்டில் மூன்றாவது போட்டியாளராக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதன் பயன் வேறு. ஒரு தொடரை முதன்முறை பார்க்க அதைவிட வசதியானது இல்லை, நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் மறுபடி பார்க்க விரும்பும் தொடர் அங்கே அதே உருவில் இருக்கும் என்று நம்ப முடியாது. 1995இல் வந்த ‘நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்’ 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, ஜப்பானுக்கு வெளியே ‘ஃப்ளை மீ டு த மூன்’ நிறைவுப் பாடல் நீக்கப்பட்டிருந்தது. ஆங்கில டப்பிங்கும் மொழிபெயர்ப்பும் புதியவை. பழைய வட்டு வைத்திருந்தவர்களிடம் மட்டும் பாடலும் பழகிய குரல்களும் அப்படியே இருந்தன. 2024 ஏப்ரலில் ஃபனிமேஷன் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் சேவை மூடப்பட்டபோது, வட்டுடன் வந்த குறியீட்டைக் கொண்டு பெற்றிருந்த டிஜிட்டல் பிரதிகளும் அதோடு போயின. வட்டை எடுத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை.

காட்சித் தரத்திலும் ஸ்ட்ரீமிங் ஓரிடத்தில் தடுமாறுகிறது. இரவு வானம், மூடுபனி, மங்கிச் செல்லும் ஒளி ஆகியவற்றை அனிமே மென்மையான வண்ண ஏற்ற இறக்கமாகத் தீட்டும். குறைந்த தரவு வேகத்தில் அது பட்டை பட்டையாக உடைந்து தெரியும். ப்ளூ-ரேயில் காட்சிக்கு மட்டுமே நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் இருப்பதால் இந்தப் பட்டைகள் பெரிதும் அடங்குகின்றன, முற்றிலும் மறைவதில்லை. இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. 1997 டிசம்பரில் ‘போகிமான்’ எபிசோடு ஒன்றின் சிவப்பு நீல ஒளிச் சிமிட்டலால் ஜப்பானில் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டதன் பின், ஒளிபரப்பில் சிமிட்டல் காட்சிகளை மங்கலாக்குவது வழக்கமாயிற்று. ஒளிபரப்புப் பிரதியே ஸ்ட்ரீமிங்குக்குப் போகும்போது அந்த மங்கலும் கூடவே வரும். வட்டில் பல தொடர்களுக்கு அது நீக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் ஒளிபரப்பான ஓவியங்களை வட்டுக்காகத் திருத்துவதும் உண்டு. 2011இன் ‘மடோகா மாஜிகா’வில் பல காட்சிகள் அப்படி மீண்டும் வரையப்பட்டன. இத்தொடரை ஒளிபரப்பு வடிவில் மட்டும் பார்த்தவர்கள் ப்ளூ-ரேயை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒரு வட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீட்டில் ப்ளூ-ரேக்குச் சாதகமான ஒரு பொருத்தம் அமைந்திருக்கிறது. டிவிடியில் ஜப்பான் 2ஆம் மண்டலம், அமெரிக்கா 1ஆம் மண்டலம். ப்ளூ-ரேயில் இரண்டும் ஏ மண்டலத்துக்குள் வருகின்றன. ஆக, ஏ மண்டல பிளேயர் ஒன்று இருந்தால் இரு நாட்டு வெளியீடுகளும் ஓடும். ஜப்பானிய வட்டுகளில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் இருக்காது. ஒரு வட்டில் இரண்டு எபிசோடுகள் மட்டும் பதிந்து பல ஆயிரம் யென்னுக்கு விற்பது அங்கே நெடுங்கால வழக்கம். நான் வாங்கிய ஜப்பானிய வெளியீடுகள் மிகக் குறைவு என்பதால் அவற்றை வைத்து உறுதியான அறிவுரை எதுவும் சொல்லமாட்டேன்.

பராமரிப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ப்ளூ-ரேயின் தரவு அடுக்கு மேற்பரப்புக்கு 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6 மி.மீ. ஆழத்தில், ஆனால் ப்ளூ-ரேக்குக் கடினப் பூச்சு உண்டு என்பதால் அன்றாடக் கையாளுதலில் கீறல் விழுவது டிவிடியைவிடக் குறைவாகவே எனக்குத் தெரிகிறது. உண்மையான ஆபத்து பெட்டியில் இருக்கிறது. மையப் பிடிப்பு இறுக்கமாக இருந்த ஒரு டிவிடி பெட்டியிலிருந்து நான் வட்டை நெம்பி எடுத்ததில் அதன் உள்வளையம் விரிசல் விட்டது, தொடரின் கடைசி வட்டு அது. அன்றிலிருந்து அத்தகைய பெட்டிகள் வந்தவுடனேயே வட்டுகளைத் தனி உறைகளுக்கு மாற்றி, நிமிர்த்தியே அடுக்கி வைக்கிறேன்.

ப்ளூ-ரேயைவிடக் கூடுதல் தெளிவுள்ள 4கே வட்டுகளில் மண்டலக் கட்டுப்பாடு இல்லை, வண்ணப் படிகளை நுணுக்கமாகப் பிரிக்கும் 10 பிட் வண்ணத்தால் மேலே சொன்ன பட்டைகளும் வெகுவாகக் குறைகின்றன. ஆயினும் நான் பார்த்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய திரைப்படங்கள் மட்டுமே, 35 மி.மீ. சுருளில் எடுத்த பழைய படங்களில் அதன் பலன் தெரிந்தது, தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி என் அனுபவம் இன்னும் போதாது.

மாற்றம் முடிந்தபின்னும் அலமாரியின் கீழ்த்தட்டில் சில டிவிடி பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றின் உரிமம் காலாவதியாகி மறுபதிப்பே வரவில்லை. இன்னொன்றின் ப்ளூ-ரே வந்துவிட்டது, ஆனால் நான் முதன்முதலில் கேட்ட டப்பிங் அதில் சேர்க்கப்படவில்லை. மூன்றாவது, நான்கு எபிசோடுகளோடு நான் நிறுத்திக்கொண்ட அந்தத் தொடரின் பழைய பதிப்பு. போன மாதம்தான் அதை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி பார்த்து முடித்தேன்.